கோள் சொல்ற மாதிரிச் சொல்லு, கண்ணு

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. நாலு பேர் முன்னால் பேசியும் பழக்கமில்லை. எங்கள் வீதிப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றலாகி வந்திருக்கும் டீச்சர், நான் அந்தக் காலத்தில் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவள் என்று யாரோ சொல்லக் கேட்டு வீடு தேடி வந்தார். அவர்களுக்கு ஏதோ பயிற்சி நடக்கிறதாம். பிள்ளைகள் கடகடவென்று படிக்கிறார்கள், படித்தது என்ன என்று கேட்டால் முழிக்கிறார்கள், அதற்கு என்ன வழி என்று பெரிய அட்டையெல்லாம் மாட்டிக் காட்டுகிறார்களாம். "ஆண்டு மலருக்கு உங்க அனுபவத்தை எழுதிக் குடுங்கம்மா" என்றார்.

"நான் டீச்சரே இல்லீங்க. அஞ்சாவதுதானுங்க" என்றேன்.

"பேசற மாதிரியே எழுதுங்க. நான் திருத்திக்கறேன்."

திருத்த வேண்டாம். எழுதினபடி போட்டால் போடட்டும், இல்லாவிட்டால் விட்டுவிடட்டும். சந்தோஷமாகப் படித்து மடித்து வைக்கிற விஷயம் இதில் அதிகமில்லை என்பதை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்.

என் கதை கொஞ்சம்தான். தொண்டாமுத்தூர்ப் பக்கம் பிறந்தேன். ஐந்தாவது வரை படித்தேன். கட்டிக் கொடுத்தார்கள். அவர் காய்ச்சலில் போய்விட்டார். அண்ணன் வீட்டில் இருந்து பார்த்தேன், முடியவில்லை. கோயமுத்தூருக்கு வந்து ஒரு பெண் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். வெள்ளைக்காரன் காலம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் அது.

என் வேலைக்கு என்ன பேர் என்று எனக்கே சரியாகத் தெரியாது. பிள்ளைகள் 'கூட்டிப் போற அக்கா' என்பார்கள். அப்போதெல்லாம் பெண் பிள்ளையைத் தனியாகத் தெருவில் அனுப்பமாட்டார்கள். பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளை வேண்டுமென்றால் பள்ளிக்கூடம்தான் வாசலுக்கு ஆள் அனுப்ப வேண்டும். அந்த ஆள் நான். காலையில் வீடு வீடாக நின்று பிள்ளைகளைச் சேர்த்து, குளத்துக் கரை வழியாக நடத்திக்கொண்டு போய் விடுவேன். சாயங்காலம் அதே மாதிரி திரும்பக் கொண்டுவந்து வீட்டில் ஒப்படைப்பேன். நடுவில் பானையில் தண்ணீர் நிரப்புவது, வகுப்பைக் கூட்டுவது, சின்னதுகளுக்கு மூக்குத் துடைத்துவிடுவது. பிள்ளைகள் முன்னால் போகும், நான் பின்னால் நடப்பேன். அப்படித்தான் உத்தரவு. முன்னால் நடந்தால் பின்னால் ஒரு பிள்ளை நழுவினாலும் தெரியாது அல்லவா.

பெரிய டீச்சரம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். தெற்கத்திச் சீமையிலிருந்து வந்தவர். மொடமொடவென்று கஞ்சி போட்ட வெள்ளைச் சேலை, நாற்காலிக் கையில் மாட்டிய கறுப்புக் குடை. பிள்ளைகளை அடித்து நான் பார்த்ததில்லை. சத்தம் போட்டும் கேட்டதில்லை. ஒரு பிள்ளை எழுந்து வாசிக்க ஆரம்பித்ததும் கண்ணை மூடிக்கொள்வார். வலது கை மேஜை மேல் இருக்கும். வாக்கியத்தில் நிறுத்தம் வருகிற இடத்தில் ஒரு விரல் எழும். முற்றுப்புள்ளிக்குக் கை முழுக்க எழுந்து மெதுவாக இறங்கும். விரல் எழாத இடத்தில் பிள்ளை மூச்சு வாங்கிவிட்டால் கண்ணைத் திறக்காமலே "முதலிலிருந்து" என்பார். அவ்வளவுதான். அந்தப் பிள்ளை சாயங்காலம் வரை முதலிலிருந்து வாசித்துக்கொண்டிருக்கும்.

வாசிப்பதற்கு அவர் ஒரு ராகம் வைத்திருந்தார். நடுவில் ஏறி, கடைசியில் இறங்கி, ஒரு சின்ன இழுப்போடு நிற்கும். அவருடைய பிள்ளைகளின் வாசிப்பைக் கேட்க வெளியூரிலிருந்தெல்லாம் ஆள் வருவார்கள். காதுக்கு நன்றாகத்தான் இருக்கும், இல்லை என்று சொல்லமாட்டேன். பள்ளிக்கூடங்களைச் சோதிக்கிற இன்ஸ்பெக்டரம்மா வந்தால் ஒரு வகுப்புக்குக் கொஞ்ச நேரம்தான் உட்காருவார். அந்த நேரத்தில் பிள்ளைகள் தடங்காமல் வாசித்துவிட்டால் சர்க்கார் கிராண்ட் பணம் வரும், தடங்கினால் நின்றுவிடும். ஆகவே ராகம். வழியிலும் நேரம் வீணாகக் கூடாது, நடக்கும்போதே பாடம் ஒப்பித்துக்கொண்டு வரவேண்டும் என்பது அவருடைய இன்னொரு சட்டம்.

அதனால் ஒரே பாடத்தை நூறு தரம் பின்னால் நடந்து கேட்டிருக்கிறேன்.

ஒரு நாள் குளத்துக் கரை மேல் போய்க்கொண்டிருக்கிறோம். "உழவன் மாலையில் எருதுகளை நீர்நிலைக்கு ஓட்டிச் சென்றான்" என்று எல்லாம் ஒரே ராகத்தில் போகிறதுகள். எனக்கும் அது சட்டென்று பிடிபடவில்லை. தெரியாமல்தான் கேட்டேன். "நீர்நிலைன்னா என்ன கண்ணு?"

வரிசை நின்றுவிட்டது. அத்தர்க் கடைக்காரர் மகள் ஜைனப் வாயாடி. அவள்தான் திரும்பிப் பார்த்தாள். "அது பாடத்துல வர்றதுங்க அக்கா."

"பாடத்துல வர்றது சரி அம்மணி. என்னது அது?"

"ஒரு ஊருங்களா?" என்றது ஒன்று. "இல்லீங்க, மாட்டுக் கொட்டாயிங்க" என்றது இன்னொன்று. ஜைனப் மட்டும் குளத்தைப் பார்த்தபடி நின்றாள். அங்கே ஒருவர் இடுப்பளவுத் தண்ணீரில் மாட்டை நிறுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா! இதானுங்களா? நாம தெனமும் போற கொளமுங்களா?"

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டு வாசலில் விடுகிற வரை "நீர்நிலை, நீர்நிலை" என்று கூத்துத்தான். புத்தகத்துக்குள் இருந்தது வெளியிலும் இருக்கிறது என்பது அந்தப் பிள்ளைகளுக்கு அதுவரை யாரும் சொல்லாத சேதி. எனக்கும்தான். நானும் ஐந்து வகுப்பு ஒப்பித்தே கரையேறினவள்.

அதிலிருந்து வழியில் கேட்க ஆரம்பித்தேன். எனக்கு ஆள் முகத்தைப் பார்த்துக் கேள்வி கேட்க வராது. பின்னால் நடந்ததால் முகம் தெரியாது, எண்ணெய் வழிகிற சடைகள்தான் தெரியும். சடைகளிடம் கேட்பதற்கு என்ன கூச்சம்?

எப்படிச் செய்தேன் என்று டீச்சர் கேட்டார், சொல்கிறேன். ஒரு தரத்துக்கு ஒரு வாக்கியம்தான். முதலில் புத்தகத்தில் இருக்கிறபடி. அப்புறம் அதே பிள்ளை அதையே வீட்டில் அம்மாவிடம் எப்படிச் சொல்லுமோ அப்படிச் சொல்ல வேண்டும். வழியில் கண்ணுக்குத் தெரிகிற சாமானாக இருந்தால் கை நீட்டிக் காட்ட வேண்டும். தெரியாததாக இருந்தால் எங்கே போனால் பார்க்கலாம் என்று சொல்ல வேண்டும். அப்புறம் நான் வேண்டுமென்றே தப்பாகக் கேட்பேன். "அப்போ எருதுதான் உழவனை ஓட்டிட்டுப் போச்சுங்களா?" என்பேன். "ஐயோ அக்கா, உங்களுக்கு மண்டையில ஒண்ணுமே இல்லீங்களா!" என்று ஜைனப் தலையில் அடித்துக்கொள்வாள். எல்லாம் சேர்ந்து எனக்குப் புரியவைக்கும். நானாக அர்த்தம் சொல்வதே இல்லை. பாதி எனக்கும் தெரியாது. தெரிந்ததைச் சொன்னாலும், அந்த அர்த்தத்தையும் ராகம் போட்டு மனப்பாடம் செய்துவிடும் பிள்ளைகள்.

பெரிய டீச்சரம்மாவுக்கு இது தெரியும். ஒரு நாள் வாசல் கேட்டருகே நின்று கேட்டுவிட்டார். அவர் குடையை மடக்கிக்கொண்டே, "வழியில் செய்கிறதை வழியிலேயே விட்டுவிடு நாச்சம்மா. வகுப்புக்குள் கொண்டுவராதே" என்றார். வேண்டாம் என்று சொல்லவில்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

தெய்வானை என்று ஒரு பிள்ளை. நாலாவது. மில்லுக்குப் பின்னால் இருந்த லைன் வீட்டுப் பிள்ளை. அவள் அய்யன் மாரப்பன் மில்லில் பஞ்சு அடிக்கிற இடத்தில் வேலை. எங்கள் பள்ளிக்கூடத்திலேயே வாசிப்பில் அவள்தான் முதல். அந்தக் குரலுக்காகவே பெரிய டீச்சரம்மா அவளை மேலே படிக்கவைத்து டீச்சர் ட்ரெயினிங்குக்கு அனுப்புவதாக மாரப்பனிடம் சொல்லியிருந்தார். மாரப்பன் அதைக் கேட்ட நாளிலிருந்து மகளை "டீச்சரம்மா, சோறு திங்க வாங்க" என்றுதான் கூப்பிடுவார். லைன் வீடு முழுக்க அந்தப் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அவளுக்கு ஒரு வரியும் விளங்கவில்லை என்பது வழியில் எனக்கு மட்டும் தெரிந்தது.

மற்றதுகள் தட்டுத் தடுமாறியாவது வீட்டுப் பேச்சில் சொல்லிவிடும். இவளிடம் கேட்டால் அதே வாக்கியத்தை இன்னும் நன்றாக ராகம் போட்டுத் திரும்பச் சொல்வாள். "ஊட்ல அம்மாகிட்ட எப்படிச் சொல்லுவ கண்ணு?" என்றால், "இப்படித்தானுங்க சொல்லுவேன்" என்று மறுபடியும். நான் தப்பாகக் கேட்டால் சிரிக்கமாட்டாள். கோபம் வந்துவிடும். "நான்தான் சரியாச் சொன்னனில்லீங்க? தடங்கவே இல்லையே?" தடங்காமல் சொன்ன பின்னால் இன்னும் என்ன பாக்கி இருக்கிறது என்று அவளுக்குப் பிடிபடவே இல்லை.

வெகுநாள் தோற்றுப்போனேன். ராகம்தான் அவளை இழுத்துக்கொண்டு போகிறது என்று தெரிந்தது. ராகத்தை எப்படி நிறுத்துவது? மெதுவாகச் சொல்லு என்றால் மெதுவான ராகம். வேகமாக என்றால் வேகமான ராகம். ஒரு நாள் அவளும் ஜைனபும் காதோடு காது வைத்து யாரைப் பற்றியோ குசுகுசுவென்று பேசிக்கொண்டு வந்தார்கள். குசுகுசுப்பில் எப்படி ராகம் வரும்? எனக்கு அப்போதுதான் பட்டது.

"தெய்வானை, அந்தப் பாடத்தை ஜைனபு காதுல சொல்லு. கோள் சொல்ற மாதிரிச் சொல்லு, கண்ணு."

"பாடத்தையுங்களா?"

"ஆமா. யாரோ என்னமோ பண்ணிப்போட்டாங்க. நீ பாத்துட்ட. இவகிட்ட ரகசியமாச் சொல்ற."

ஜைனப் உடனே முக்காட்டைத் தள்ளிக் காதை நீட்டிவிட்டாள். "சொல்லு புள்ள, யாரு என்ன பண்ணுனாங்க?"

ஆடு தொலைத்த பெண்ணைப் பற்றிய பாடம் அது. "சிறுமி ஒருத்தி தன் வெள்ளாட்டைக் காணாது வருந்தினாள்." தெய்வானை வாயைக் காதருகே கொண்டுபோய் ஆரம்பித்தாள். முதல் இரண்டு வார்த்தையில் ராகம் எட்டிப் பார்த்தது. மூச்சுக் காற்றில் அது நிற்கவில்லை. "யாரு அந்தப் புள்ள?" என்றாள் ஜைனப். "அப்புறம்? ஆட்டைக் காணோமா? எங்க போச்சு?" கோள் கேட்பதில் ஜைனபை மிஞ்ச ஆளில்லை. தெய்வானை அடுத்த வாக்கியத்துக்குப் போனாள். "மாலை மங்கியது. அவள் கண்கள் நீர் சொரிந்தன." அங்கே நின்றாள். உதடு மட்டும் அசைந்தது. பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, அந்தப் புள்ள அழுவுதுங்களா?"

"நீதான் சொல்லணும்."

"இருட்டாயிருச்சுங்க. ஆடு வரலீங்க. ஊட்டுக்குப் போனா அடிப்பாங்கன்னு அழுவுதுங்க." அடிப்பாங்க என்று பாடத்தில் இல்லை. அவளாகச் சேர்த்தது. "இத்தனை நாளும் அது அழுதுட்டுங்களா இருந்துச்சு?" என்றவள் வழியிலேயே நின்று தானும் அழ ஆரம்பித்தாள். பள்ளிக்கூடத்துக்கு அன்றைக்கு நேரம் கழித்துப் போய்ச் சேர்ந்தோம்.

அதற்கப்புறம் அவளைப் பிடிக்க முடியவில்லை. பாடம் ஒவ்வொன்றும் அவளுக்கு யாரோ வீட்டுச் சமாச்சாரம். "அந்த வியாபாரி கப்பல்ல போனாரே, திரும்பி வந்துட்டாருங்களா? பாடத்துல போடலீங்களே?" "இந்த மலை எங்கீங்க இருக்குது, வெள்ளியங்கிரி தாண்டியா?" எங்கே, எங்கே என்பதுதான் அவள் பேச்சு. புத்தகத்தில் அச்சடித்திருந்தால் அது எங்கோ ஒரு இடத்தில் நிஜமாக இருக்கிறது, போனால் பார்க்கலாம் என்று நம்பினாள். வகுப்பில் மட்டும் ராகத்தோடு வாசிப்பாள். அந்த விவரம் அவளுக்கு இருந்தது.

இதெல்லாம் நடந்துகொண்டிருக்கும்போது மில்லில் கூலியைக் குறைத்தார்கள். ஆட்கள் ஏன் என்று கேட்டார்கள். கேட்டவர்களை வெளியே நிற்க வைத்தார்கள். மாரப்பனும் வெளியே நின்றார். லைன் வீட்டில் காலையில் நான் போய் நிற்கும்போது அடுப்புப் புகை குறைந்துபோயிருந்தது. ஆனால் மில் சங்கு ஊதும் நேரத்துக்கு மாரப்பன் எப்போதும்போல எழுந்து, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வாசல் கேட்டுக்குப் போய் நின்றுவிட்டு வருவார். என்றைக்காவது உள்ளே கூப்பிட்டுவிடுவார்கள் என்ற நம்பிக்கைதான்.

அந்தச் சமயத்தில் இன்ஸ்பெக்டரம்மா வருகிற நாள் வந்தது. கூட எங்கள் பள்ளிக்கூடத்து மேனேஜரும் வருவதாகச் சொன்னார்கள். மேனேஜர் என்றால் பள்ளிக்கூடத்தை நடத்துகிற தர்மப் பிரபு. வெள்ளைக் கோட்டு, ஜரிகைத் தலைப்பாகை. அவருடைய மச்சானுக்கு அந்த மில்லில் பங்கு. பெரிய டீச்சரம்மா அவர் மனம் குளிரட்டும் என்று, புத்தகத்தின் கடைசியில் இருந்த ஆலைத் தொழில் பாடத்தை எடுத்துத் தெய்வானைக்கு வகுப்பிலேயே பழக்கியிருக்கிறார். வழியில் அது ஒப்பிக்கிற பாடமல்ல, அதனால் என் காதுக்கு வரவில்லை.

அன்றைக்கு நான் தண்ணீர்ச் செம்போடு வகுப்பின் பின்பக்கக் கதவோரம் நின்றேன். மேனேஜரும் இன்ஸ்பெக்டரம்மாவும் நாற்காலியில். தெய்வானை எழுந்தாள். பெரிய டீச்சரம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

"ஆலைத் தொழிலாளர் வைகறையில் துயிலெழுவர். சங்கொலி கேட்டதும் மகிழ்வுடன் பணிக்குச் செல்வர்."

ராகம் தேனாக ஓடியது. மேனேஜர் தலையை ஆட்டினார். விரல் எழுந்தது, கை இறங்கியது.

"தத்தம் உழைப்பிற்கேற்ற ஊதியம் குறைவின்றிப் பெறுவர்."

அங்கே குரல் கொஞ்சம் தேய்ந்தது. அவள் உதடு சத்தமில்லாமல் அசைவதைப் பார்த்தேன். வாக்கியத்தைத் தனக்குள் கோளாகச் சொல்லிப் பார்க்கிறாள். அது என்ன என்று அந்த அறையில் எனக்கும் ஜைனபுக்கும் மட்டும்தான் தெரியும். பெரிய டீச்சரம்மாவின் கை எழுந்தபடி அந்தரத்தில் நின்றது. பிள்ளை முகம் மெல்ல மலர்ந்தது. பொய் சொல்லவில்லை, அப்படி ஒரு சந்தோஷத்தை அவள் முகத்தில் அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை.

"டீச்சர், இது எந்த ஊருங்க?"

"என்ன?"

"இந்த மில்லு எந்த ஊர்லீங்க இருக்குது? கூலி கொறைக்காம குடுக்கறாங்கன்னு போட்டிருக்குதுங்க. எங்கய்யனைப் போகச் சொல்றனுங்க."

இன்ஸ்பெக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நல்ல சிரிப்புத்தான். "உங்க அப்பா எங்கேம்மா வேலை?" என்றார். தெய்வானை மில் பேரைச் சொன்னாள். "இப்ப இல்லீங்க. ஏன் கூலியைக் கொறைச்சீங்கன்னு கேட்டாருங்க, வெளிய நிக்க வெச்சுட்டாங்க" என்றாள். கேட்டதற்கு மரியாதையாகப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். மேனேஜரின் முகம் கறுத்தது. இன்ஸ்பெக்டரம்மா அதைப் பார்த்தார். சிரிப்பை நிறுத்திக்கொண்டு, "சரி, உட்கார். அடுத்த பிள்ளை கணக்குச் சொல்லட்டும்" என்றார்.

அந்த அம்மாளை நான் இன்றைக்கும் மன்னிக்கவில்லை. படித்ததை விளங்கிக்கொண்ட பிள்ளை ஒன்று எதிரே நின்றது. அதைப் பார்க்கத்தான் அவருக்குச் சர்க்கார் சம்பளம் கொடுத்தது. பார்த்தார், தெரிந்துகொண்டார். பலகாரம் சாப்பிட்டார். "வாசிப்பு நன்றாக இருக்கிறது" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிப்போனார்.

மறுநாள் மாரப்பனுக்கு ஆள் அனுப்பினார்கள். பெரிய டீச்சரம்மாவின் அறையில் மேனேஜர் உட்கார்ந்திருந்தார். மாரப்பன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார். பக்கத்தில் தெய்வானை.

"யாரு புள்ள உனக்கு அப்படிக் கேக்கச் சொல்லிக் குடுத்தது?" என்றார் மேனேஜர்.

"யாருமில்லீங்க. பொஸ்தகத்துல இருந்துச்சுங்க."

"பொஸ்தகத்துல ஒங்கய்யனை அனுப்பச் சொல்லியா இருக்குது?" மேனேஜர் மாரப்பன் பக்கம் திரும்பினார். "ஏப்பா, சங்கத்துக்காரனுக புள்ளைக்கே பாடம் நடத்த ஆரம்பிச்சுட்டானுகளா? பெரிய அதிகாரி முன்னாடி வெச்சு மானத்தை வாங்கறதுக்கு எத்தனை நாளாத் திட்டம்?"

"சாமி, எனக்கு எழுதப் படிக்கவே தெரியாதுங்க. புள்ள என்ன கேட்டுதுன்னே இன்னைக்குத்தானுங்க எனக்குத் தெரியும்."

"நடிக்காதீங்கப்பா. இத்தனூண்டு புள்ளைக்குத் தானா வருமா இந்தப் புத்தி?"

நான் கதவுக்கு வெளியே நின்றேன். அதுவரை அந்த அறைக்குள் கூப்பிடாமல் போனதில்லை. கால் தானாக உள்ளே வந்துவிட்டது. சொன்னேன்.

"நானுங்க. நான்தானுங்க வழியில கேட்டுக் கேட்டுப் பழக்குனது. ஒவ்வொரு வரியையும் எங்க இருக்குதுன்னு கேக்கச் சொல்லி. அது கெட்டதா ஒண்ணும் நெனைக்கலீங்க. நெசமாவே ஊரைத்தானுங்க கேட்டுச்சு."

மேனேஜர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீ யாரம்மா?"

"புள்ளைகளைக் கூட்டிட்டு வர்றவளுங்க."

"என்ன படிச்சிருக்க?"

"அஞ்சாவதுங்க."

அவர் சிரித்தார். கோபமாக இருந்த ஆள் அப்போதுதான் சிரித்தார். "கேட்டீங்களா டீச்சர்? இந்தம்மா சொல்லிக் குடுத்துச்சாமா. புள்ளையக் காப்பாத்தறதுக்குப் பழியைத் தன் மேல போட்டுக்குது. நல்ல மனசுதான். போம்மா, போய் வேலையைப் பாரு."

நான் பெரிய டீச்சரம்மாவைப் பார்த்தேன். அவருக்குத் தெரியும். கேட்டருகே நின்று காதால் கேட்டவர். ஒரு வார்த்தை, 'ஆமாம், இவள் வழியில் அப்படித்தான் பழக்குவாள்' என்று சொன்னால் போதும், மாரப்பன் மேல் இருந்த பழி போய்விடும். ஆனால் அப்படிச் சொன்னால் குற்றம் பள்ளிக்கூடத்துக்குள் வந்துவிடும். அவர் குடையின் பிடியைத் தடவிக்கொண்டே இருந்தார். கண்ணை மூடிக்கொண்டார், பிள்ளை வாசிக்கும்போது மூடுவது போலவே.

தெய்வானையின் பேரை எடுத்துவிட்டார்கள். மாரப்பனோடு வெளியே நின்றவர்களில் பல பேரை அந்த மாசக் கடைசியில் உள்ளே கூப்பிட்டுக்கொண்டார்கள். மாரப்பனைக் கூப்பிடவில்லை. வேறு மில்லுக்குப் போய்க் கேட்டார். அங்கும் பேர் போயிருந்தது. பிள்ளையை வைத்துச் சதி செய்த ஆள் என்று.

பள்ளிக்கூடத்தில் புதிதாக ஒரு உத்தரவு வந்தது. பிள்ளைகள் இனிமேல் வழியில் வாய் திறக்காமல் நடக்க வேண்டும், ஒப்பிக்கவும் வேண்டாம். அந்த உத்தரவைச் சொன்ன அன்று பெரிய டீச்சரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "உன் வேலையை நான்தான் காப்பாற்றினேன் நாச்சம்மா. தெரியுமா உனக்கு?" என்றார். "சரிங்கம்மா" என்றேன். வேறு என்ன சொல்ல? போக்கிடம் இல்லாதவள். வேலையை விட்டு நிற்கும் வரை அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் இருந்தேன். பின்னால்தான் நடந்தேன். சடைகள்தான் தெரிந்தன. யாரும் எதுவும் பேசவில்லை. ஜைனப் மட்டும் அவ்வப்போது திரும்பிப் பார்ப்பாள், அப்புறம் அவளையும் வீட்டில் நிறுத்திவிட்டார்கள்.

வால்பாறைத் தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் சேர்க்கிற கங்காணி ஒருவன் லைன் வீடுகளில் சுற்றிக்கொண்டிருந்தான். மாரப்பன் சரி என்று சொல்லிவிட்டார். மலைக் குளிருக்கும் அட்டைக் கடிக்கும் பயந்து யாரும் எளிதில் போகாத இடம் அப்போது. பொள்ளாச்சி வரை ரயில், அங்கிருந்து லாரியாம்.

அவர்கள் கிளம்புகிற காலையில் நான் எப்போதும்போலப் பிள்ளைகளோடு அந்த வழியாகப் போனேன். அந்த வாசலில் நிற்கக் கூடாது என்பதும் உத்தரவுதான். நின்றேன். தட்டுமுட்டுச் சாமான்களை மூட்டை கட்டித் தெருவில் வைத்திருந்தார்கள். தெய்வானை ஒரு மூட்டை மேல் உட்கார்ந்திருந்தாள். வகுப்பில் அவள் விட்டுவந்த புத்தகத்தை எடுத்து வைத்திருந்தேன். நீட்டினேன்.

"இந்தா கண்ணு. அங்க பள்ளிக்கூடம் இருக்குதோ என்னமோ. நீயாப் படிச்சுட்டே இரு."

எழுந்து நின்றாள். கையை நீட்டவில்லை. "வேண்டாமுங்க அக்கா."

"ஏஞ்சாமி?"

"படிச்சா வெளங்குதுங்க."

"வெளங்கட்டுமே. நல்லதுதான?"

அவள் அய்யன் பக்கம் பார்த்தாள். மாரப்பன் பாத்திரங்களைக் கயிற்றில் கோத்துக்கொண்டிருந்தார். "எங்கய்யனுக்கு வேலை போயிருச்சுங்களே" என்றாள். குற்றம் சொல்கிற குரலே இல்லை. சின்னப் பிள்ளைக்கு விளக்கிச் சொல்வது போல் எனக்குச் சொன்னாள். "வேணும்னா உங்களுக்கு ராகத்தோட ஒருக்காச் சொல்றனுங்க. அப்படிச் சொன்னா ஒண்ணும் ஆகறதில்லீங்க."

வேண்டாம் என்று நான் சொல்வதற்குள் கையைக் கட்டிக்கொண்டு, நேராக நின்று, ஆரம்பித்துவிட்டாள். ஆலைத் தொழிலாளர் வைகறையில் துயிலெழுவர். நடுவில் ஏறி, கடைசியில் இறங்கி, எங்கும் தடங்காமல், உதட்டில் வேறு அசைவே இல்லாமல் போயிற்று பாடம். என் வரிசைப் பிள்ளைகள் வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டு நின்றன. தண்ணீருக்குப் போன பெண்கள் குடத்தை இடுப்பில் வைத்தபடி நின்றார்கள். மாரப்பன் கயிற்றைக் கீழே போட்டுவிட்டு மகளையே பார்த்தார். வேலை போன நாளிலிருந்து அவர் முகத்தில் காணாத பெருமை அது.

"மாலையில் மனைவி மக்களோடு கூடியிருந்து உண்டு களிப்பர். குறை என்று ஒன்று அவர்க்கில்லை."

சரியான இடத்தில் மூச்சை நிறுத்தினாள். பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி கன்னத்தில் கை வைத்துக்கொண்டு சொன்னாள்: "ஏனுங்க, எத்தனை நல்லாப் படிக்குது பாருங்க இந்தப் புள்ள!"